களைப்புக்குக் கஞ்சா மருந்தல்ல



சென்ற மாதம் பளையில் நமது கிளைக் கூட்டம் நடந்தது. ஊழியர் சேமலாப நிதிப் பாக்கி பற்றியும் குடிநீர் பற்றியும் பேசி முடித்தபின், "வேறு ஏதாவது உண்டா?" என்று தலைவர் கேட்டார். தேங்காய் பறிக்கும் இளைஞர் ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "சார், சாராயம் குடிச்சா வீட்டுல சண்ட வருது, சம்பளமும் கரையுது. கஞ்சா அடிச்சா சத்தமில்லாம படுத்துர்றோம். காலையில வேலைக்கும் வந்துர்றோம். அப்ப எது நல்லது? நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஆண்கள் சிலர் சிரித்தார்கள். தாய்மார் ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தத் தம்பி கேலிக்குக் கேட்கவில்லை. வாய்விட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மனதுக்குள் கேட்டவர்கள் பலர். அதே கிழமையில் இங்குள்ள ஒரு தோட்ட நிர்வாகம், கஞ்சா புகைத்ததாகத் தெரிந்தால் அந்த இடத்திலேயே வேலையால் நிறுத்துவோம் என்று அறிவித்திருந்தது. "நல்லதுதானே, நிறுத்தட்டும்" என்று கூட்டத்தில் ஒரு பகுதியினர் சொன்னார்கள். "பிள்ளையின் வாழ்க்கை போய்விடுமே" என்று மற்றவர்கள் சொன்னார்கள். முடிவு எட்டப்படாமலே கூட்டம் கலைந்தது. அடுத்த இதழில் பதில் எழுதுவதாக அன்று வாக்குக் கொடுத்தோம். இது அந்தப் பதில்.

முதலில், இந்தப் பொருள் நம்மிடம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். குடாநாட்டின் கழுத்துப் பகுதியான பளை, முகமாலை, இயக்கச்சித் தென்னந்தோட்டங்களில் வேலை செய்யும் நம்மவர்களில், 1977, 1983 கலவரங்களின் பின் மலையிலிருந்து வடக்கே வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். பருவ வேலைக்கு வந்து போகும் இளைஞர்களும் இருக்கிறார்கள். நமக்குக் கிழக்கே வெற்றிலைக்கேணி, கட்டைக்காட்டுக் கடற்கரை. வடக்கே பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, மாதகல். பாக்கு நீரிணையைத் தாண்டிப் படகில் வரும் பொதிகளைக் கடற்படையும் பொலிஸாரும் இந்தக் கரைகளில் பிடிப்பதைப் பத்திரிகையில் அடிக்கடி வாசிக்கிறோம். "கேரள கஞ்சா" என்பது அதற்குப் பத்திரிகைகள் வைத்த பெயர். ஆனால் ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளில் களவாக விளைவதும் பெருந்தொகையாக இந்தியச் சந்தைக்கு வருகிறது. பொதியின் மேல் ஊர்ப் பெயர் எதுவும் எழுதியிருப்பதில்லை.

கரையில் இறங்கியது ஏ-9 வீதிக்கு வந்தால்தான் பணம். அதைச் சுமந்து வரக் கைகள் வேண்டும். கூலி குறைந்த கைகளைத் தேடுகிறவன் நம் பிள்ளைகளிடம் வருகிறான். ஓர் இரவுக்குச் சில நாட் சம்பளத்தை நீட்டுகிறான். கூலியில் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் பொருளாகவே கொடுத்துவிடுவதும் உண்டு. புகைக்கப் பழகிய கையை அடுத்த முறை கூப்பிட வேண்டியதில்லை, அது தானாகவே வரும். பிடிபடும்போது பொதி வைத்திருந்தவன் சிறைக்குப் போகிறான். பொதியின் சொந்தக்காரனை நாம் கண்டதே இல்லை.

இனி, தம்பியின் கேள்விக்கு வருவோம்.

கஞ்சாவில் பல நூறு இரசாயனங்கள் உண்டு. மயக்கம் தருவது டி.எச்.சி. என்ற ஒன்று. புகைத்தால் சில நிமிடங்களில் அது இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. நினைவு, கவனம், நேரக் கணிப்பு, உடலின் சமநிலை ஆகியவற்றை நடத்தும் பகுதிகளில் போய் உட்காருகிறது. அதனால்தான் பத்து நிமிடம் அரை மணி போலத் தெரிகிறது. சொல்ல வந்தது பாதியில் மறக்கிறது. சும்மா சிரிப்பு வருகிறது. மயக்கம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் டி.எச்.சி. உடம்புக் கொழுப்பில் தங்கி மெதுவாகவே வெளியேறும். நாள்தோறும் புகைப்பவரின் சிறுநீரில் வாரக் கணக்கில் அதன் தடயம் கிடைக்கும்.

"காலையில வேலைக்கு வந்துர்றோம்" என்று தம்பி சொன்னாரே, அந்த வேலை என்ன? தளநார் போட்டு ஐம்பது அறுபது அடி ஏறுவது. கொக்கத்தடியை அண்ணாந்து பிடித்துக் குலையின் காம்பை ஒரே இழுப்பில் அறுப்பது. நட்டு வைத்த அலவாங்கின் கூர்முனையில் தேங்காயைக் குத்தி உரிப்பது. உழவு இயந்திரப் பெட்டியில் சுமையேற்றி வீதியில் ஓட்டுவது. இவை ஒவ்வொன்றிலும் கண்ணும் கையும் காலும் ஒரே கணத்தில் ஒத்துழைக்க வேண்டும். அந்த ஒத்துழைப்பைத்தான் கஞ்சா முதலில் குலைக்கிறது. கஞ்சா மயக்கத்தில் வாகனம் ஓட்டினால் மோதும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மரத்திலிருந்து விழுவதற்கு அப்படி ஒரு கணக்கை யாரும் எடுக்கவில்லை. விழுந்தவர்களை நாம் அறிவோம்.

அடுத்தது நெஞ்சு. கஞ்சாவை நம்மவர்கள் பெரும்பாலும் பீடித் தூளோடும் சிகரெட் தூளோடும் கலந்துதான் புகைக்கிறார்கள். ஆழ இழுத்து மூச்சை அடக்குகிறார்கள். அதனால் தாரும் கரியும் நுரையீரலில் கூடுதலாகப் படிகின்றன. விடாத இருமலும் சளியும் மார்புச் சளி நோயும் வருகின்றன. கூடவே புகையிலைக்கும் அடிமையாகிறார்கள். புகையிலை புற்றுநோய் தரும் என்பதில் எந்த வைத்தியருக்கும் சந்தேகம் இல்லை. கஞ்சா புகைத்தவுடன் இதயத் துடிப்பும் ஏறுகிறது. மாரடைப்பு வந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வொன்று 2001-ல் வெளியானது. கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து, புகைக்காத நேரத்தைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அது கண்டது. இருபது வயது உடம்பு இதைத் தாங்கிவிடலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் ஐம்பது வயதுத் தோழர், வெயிலில் நின்றபடி மத்தியானத்தில் ஒன்றை இழுத்துவிட்டு மண்வெட்டி பிடிப்பது உயிரோடு விளையாடுவது.

நீண்ட காலம் புகைப்பவர் சிலருக்கு விடாத வாந்தியும் வயிற்று வலியும் வருவதுண்டு. வெந்நீரில் குளித்தால் மட்டும் சற்று ஆறும். வயிற்றுப் புண் என்று நினைத்து மாதக் கணக்கில் மருந்து குடித்தவர்கள் இருக்கிறார்கள். புகைப்பதை நிறுத்தினால்தான் இந்த நோய் நிற்கும். வைத்தியரிடம் உண்மையைச் சொன்னால்தான் அவருக்கும் விளங்கும்.

தாய்மாருக்கு ஒரு சொல். நாட்டின் ஏனைய பகுதிகளைவிடப் பெருந்தோட்டப் பகுதிகளில்தான் நிறை குறைந்த குழந்தைகள் கூடுதலாகப் பிறக்கின்றன. கர்ப்பிணி கஞ்சா எடுத்தால் பிள்ளையின் நிறை மேலும் குறைகிறது. புகைப்பது நீங்களாக இல்லாவிட்டாலும், ஒரே அறை வீட்டில் வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் பக்கத்தில் இருந்து யாரும் புகைக்க இடங்கொடாதீர்கள். அவர் கணவராக இருந்தாலும் மாமனாராக இருந்தாலும் வெளியே போகச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவல்ல.

இப்போது பிள்ளைகளுக்கு வருவோம். வகுப்பறையிலும் சங்கத்திலும் நிற்கிறவர்கள் என்ற முறையில் நமது பெரிய கவலை இதுதான்.

மனித மூளை இருபத்தைந்து வயது வரை வளர்கிறது. பதினான்கு வயதில் தொடங்கும் பிள்ளை, வீடு கட்டி முடியுமுன் சுவரை நனைக்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆய்வாளர்கள் 38 வயது வரை பின்தொடர்ந்தார்கள். பதின்பருவத்தில் தொடங்கி விடாமல் கஞ்சா எடுத்தவர்களின் அறிவுத்திறன் அளவு சராசரியாக எட்டுப் புள்ளிகள் வரை குறைந்திருந்தது என்று 2012-ல் எழுதினார்கள். வளர்ந்தபின் தொடங்கியவர்களிடம் அப்படிக் குறையவில்லை. குடும்பச் சூழலும் இதற்குக் காரணமாகலாம் என்று வேறு ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். நினைவும் கவனமும் மங்குவதில் விவாதம் இல்லை. போன தவணை வாய்ப்பாட்டை மளமளவென்று சொன்ன பையன் இந்தத் தவணை கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவனைப் "படிப்பு ஏறாத பிள்ளை" என்று நாம் முத்திரை குத்திவிடுகிறோம். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே அவன் தோட்டத்துக்கு வந்துவிடுகிறான். நம் பாட்டன் பூட்டன் தலைமுறை கூலியாக வந்தது. படித்து வெளியேற வேண்டிய தலைமுறையும் இப்படித் திரும்பக் கூலிக்கு வருவது நமக்கு இழப்பு.

கஞ்சா எப்போதும் புகையாகத்தான் வரும் என்று எண்ண வேண்டாம். மதனமோதகம் என்ற உருண்டை, பசிக்கும் வீரியத்துக்கும் மருந்து என்று சொல்லி விற்கப்படுகிறது. அதில் கஞ்சா சேர்வதுண்டு. விழுங்கினால் மயக்கம் வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகலாம். "ஒன்றும் செய்யவில்லையே" என்று பிள்ளை இன்னொன்றை விழுங்கும், பிறகு வைத்தியசாலைக்குத் தூக்கிப் போக வேண்டிவரும். பாடசாலைப் பக்கத்தில் சிறு பொட்டலமாக விற்கும் மாவாவில் பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் இருக்கின்றன. பாக்கு தனியாகவே வாய்ப்புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-ல் அறிவித்தது. வேறு எதைக் கலந்தார்கள் என்பது விற்பவனுக்குத்தான் தெரியும்.

மனநோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லக் குடும்பங்கள் வெட்கப்படுவதால் நாமே சொல்கிறோம்.

நமது அங்கத்தவர் ஒருவரின் மகனுக்குப் பத்தொன்பது வயது. பதினைந்திலிருந்து புகைத்தவன். ஒரு நாள் அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்க மறுத்தான். அதில் நஞ்சு இருக்கிறது என்றான். பிறகு, வேலிக்கு அப்பால் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். அங்கே யாரும் இருக்கவில்லை. இரவில் தூங்கவில்லை. செய்வினை என்று சொல்லிக் கழிப்புக் கழித்தார்கள். கயிறு கட்டினார்கள். நான்கு மாதம் போனது, அம்மாவின் தோடும் போனது. கடைசியில் அயல்வீட்டு அக்கா ஒருவர் பிடிவாதமாக வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். மருந்தில் பையன் தெளிந்தான். வீடு வந்து, "இப்ப சுகம்தானே" என்று கூட்டாளிகளோடு மறுபடி புகைத்தான். நோய் திரும்ப வந்தது. இப்போது மருந்தும் எடுக்கிறான், புகைப்பதையும் விட்டிருக்கிறான். அந்த அம்மா நம்மிடம் சொன்னது இதுதான்: "முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நாலு மாசம் வீணாப் போயிருக்காது சார்."

அதனால் சொல்கிறோம். சுவீடனில் 1969-70-ல் படைச் சேவைக்கு வந்த நாற்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதற்கு முன் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்த வீதம், எடுக்காதவர்களைவிட ஆறு மடங்கு. 2019-ல் வெளிவந்த ஆய்வு ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினொரு இடங்களில் நடந்தது. நாள்தோறும் எடுப்பவர்களுக்கு உளமாய நோயின் ஆபத்து மூன்று மடங்கு என்றும், வீரியம் கூடிய கஞ்சாவை நாள்தோறும் எடுப்பவர்களுக்கு ஐந்து மடங்கை நெருங்குகிறது என்றும் அது கண்டது. புகைக்கும் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை, பெரும்பாலானோருக்கு வராது. குடும்பத்தில் முன்னர் மனநோய் இருந்தால், சிறு வயதில் தொடங்கினால், நாள்தோறும் எடுத்தால் ஆபத்து ஏறுகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு பரிசோதனையும் இல்லை. தாய்மாமனுக்கோ பெரியப்பாவுக்கோ மனநோய் இருந்த வீட்டுப் பிள்ளை இதைத் தொடவே கூடாது.

"நினைச்சா விட்டுருவேன்" என்று பலர் சொல்கிறார்கள். பலர் விட்டும் இருக்கிறார்கள். கஞ்சா எடுக்கும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் அடிமையாகிறார். பதின்பருவத்தில் தொடங்கினால் ஆறு பேரில் ஒருவர். அடிமையானவர் நிறுத்தும்போது ஓரிரு நாளில் எரிச்சலும் கோபமும் வரும். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, வியர்க்கும். முதல் கிழமை மிகக் கடினமாக இருக்கும், இரண்டு மூன்று கிழமையில் பெரும்பாலும் தணியும். வீட்டார் இதை அறிந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் பிள்ளை சினந்து பேசினால், "விட்டும் இவன் திருந்தவில்லை" என்று துரத்திவிடாதீர்கள். அவன் திருந்திக்கொண்டிருக்கும் நேரம் அது.

இனி, நாம் அடிக்கடி கேட்கும் மூன்று நியாயங்கள்.

"மூலிகைதானே?" அலரியும் செடிதான். சுதேச வைத்தியத்தில் கஞ்சா சேர்த்த மருந்துகள் உண்டு, அதற்குச் சட்டத்தில் இடமும் உண்டு. மேலை வைத்தியத்திலும் கஞ்சாவிலிருந்து பிரித்த ஒரு பொருளைச் சில குழந்தைகளின் கடும் வலிப்பு நோய்க்குக் கொடுக்கிறார்கள். அது அளந்து கொடுக்கும் மருந்து. அபினிலிருந்துதான் மோர்பின் எடுக்கிறார்கள், அதற்காக அபினை யாரும் களைப்புக்குத் தின்பதில்லை.

"அரசாங்கமே வளர்க்க விடுகிறதே?" ஏற்றுமதிக்காக மட்டும் வெளிநாட்டு முதலீட்டாளர் சிலருக்கு 2025-ல் அனுமதி கொடுத்தார்கள். அது டொலருக்காகச் செய்த காரியம். உள்ளூரில் வைத்திருப்பவருக்கும் விற்பவருக்கும் 1929-ம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது, 1984-ல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. முதலீட்டாளருக்குக் கிடைத்த அனுமதிப் பத்திரம் பளைச் சந்தியில் பிடிபடும் தொழிலாளியைக் காப்பாற்றாது.

"சாராயத்தைவிட மேல்தானே?" இதுதான் தம்பியின் கேள்வி, இதற்கு ஒளிக்காமல் பதில் சொல்வோம். சாராயமும் கசிப்பும் நம் குடும்பங்களில் செய்த அழிவு பெரிது. ஈரலைக் கெடுத்து, மனைவியை அடிக்க வைத்து, உயிரையும் எடுத்திருக்கின்றன. கஞ்சா ஹெரோயினைப் போல மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் இரண்டையும் தராசில் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? குடியை விட்டுக் கஞ்சாவுக்கு மாறியவர்களைவிட, குடியோடு கஞ்சாவையும் சேர்த்துக்கொண்டவர்களைத்தான் நாம் கூடுதலாகக் காண்கிறோம். "சத்தமில்லாமல் படுத்துவிடுகிறோம்" என்று அந்தத் தம்பி சொன்னாரே, அதைத்தான் நாம் பல முறை நினைத்துப் பார்த்தோம். சத்தமில்லாமல் படுத்திருக்கும் தொழிலாளியைக் கண்டு மனைவி நிம்மதி அடையலாம். அவரைவிட நிம்மதி அடைகிறவர் பாக்கி வைத்திருக்கும் முதலாளி.

இது புதிய கதையல்ல. 1845 முதல் இந்தியக் கூலிகளை ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களோடு அந்தச் செடியும் போனது, அங்கே இன்றும் அதைக் கஞ்சா என்ற நம் சொல்லாலேயே அழைக்கிறார்கள். 1893-94-ல் பிரித்தானிய இந்திய அரசு கஞ்சா பற்றி விசாரிக்க ஓர் ஆணைக்குழுவை வைத்து, 1,193 சாட்சிகளை விசாரித்தது. அளவாக எடுத்தால் பெரிய தீங்கில்லை, அளவு மீறினால் தீங்கு என்று சொல்லி, தடை செய்யாமல் வரி விதிக்கச் சொன்னது. வரிப் பணம் அரசுக்குப் போனது. நம் மலையகத்திலும் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே தவறணை இருந்தது. உழைக்கிறவனின் களைப்பு எப்போதும் யாருக்கோ வருமானமாகிறது.

ஆகவே அடிப்படைக் கேள்வியையும் கேட்போம். நம் இளைஞர்கள் ஏன் புகைக்கிறார்கள்? நாளுக்கு எத்தனை மரம் ஏறினாலும் சம்பளம் போதவில்லை. முதுகு வலிக்கிறது, வலிக்கு வைத்தியம் பார்க்கப் போனால் அன்றைய சம்பளம் போகிறது. மலையிலிருந்து வந்த பையனுக்கு இங்கே தாய் தகப்பன் இல்லை. தகரக் கொட்டிலில் ஆறு பேரோடு படுக்கிறான். பின்னேரத்தில் போக ஒரு மைதானம் இல்லை, வாசிகசாலை இல்லை. போரில் உறவுகளை இழந்த வீடுகளில் அந்தத் துக்கத்தைப் பேச ஆளில்லை. இவற்றை மாற்றாமல், "புகைக்காதே" என்று பலகை எழுதி மாட்டுவதில் பயனில்லை.

இவற்றையெல்லாம் யோசித்து, சங்கத்தின் நிலைப்பாட்டை உங்கள் முன் வைக்கிறோம். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை விவாதித்து முடிவெடுங்கள்.

முதலாவது, புகைப்பவர் நோயாளி. அவரை வேலையால் நிறுத்துவதை நாம் ஏற்கமாட்டோம். வேலை போனவன் நேரே போய்ச் சேர்வது பொதி கொடுப்பவனிடம்தான். ஆனால் மயக்கத்தோடு வேலைக்கு வருபவர் அன்று மரம் ஏறக் கூடாது, இயந்திரம் தொடக் கூடாது. அவரைத் தரை வேலைக்குக் கூட விடாமல் வீட்டுக்கு அனுப்புவதைச் சங்கமே செய்யும். இது அவருடைய உயிருக்கும் பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கும் ஆனது. இதில் சலுகை கேட்டு எவரும் வரவேண்டாம்.

இரண்டாவது, விற்பவருக்கும் பிள்ளைகளைச் சுமக்க அழைப்பவருக்கும் சங்கத்தில் இடமில்லை. அவர் நமது அங்கத்தவராக இருந்தாலும், நிர்வாகக் குழுவில் இருந்தாலும், நமது சொந்தக்காரராக இருந்தாலும் இதுதான் முடிவு.

மூன்றாவது, சிகிச்சைக்குப் போகும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பும், மரம் ஏறுபவருக்குப் பாதுகாப்புப் பட்டியும், விடுதிகளில் ஆளுக்கொரு படுக்கை இடமும் தர வேண்டுமென்று தோட்ட நிர்வாகங்களிடம் எழுத்தில் கேட்கிறோம். போதை ஒழிப்பில் உண்மையான அக்கறை இருந்தால் இங்கிருந்து தொடங்கட்டும்.

நான்காவது, பிள்ளைகளின் பின்னேரங்கள் நம் பொறுப்பு. பளையில் கிழமைக்கு மூன்று நாள் மாலை வகுப்பை நாமே தொடங்குகிறோம். ஒரு கரப்பந்து வலையும் கட்டுகிறோம். வளர்ந்த தம்பிமார் பிள்ளைகளோடு வந்து விளையாடட்டும்.

உதவிக்கு எங்கே போவது என்று தாய்மார் கேட்கிறார்கள். பளை வைத்தியசாலையில் வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. பார்ப்பதற்கும் மருந்துக்கும் பணம் கேட்கமாட்டார்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி எண் 1927. மனநல உதவிக்கு 1926. போதைப் பழக்கத்துக்குத் தானாக முன்வந்து சிகிச்சை பெற 2007-ம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. தனியே போகத் தயங்கினால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், ஒருவர் கூட வருவார். பெயர் வெளியே போகாது.

பிள்ளை பயப்படுகிறான், யாரோ பேசுவது கேட்கிறது என்கிறான், சாப்பாட்டில் நஞ்சு என்கிறான், நாட்கணக்கில் தூங்கவில்லை என்றால் அன்றைக்கே கொண்டுபோங்கள். கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை நாம் தடுக்கவில்லை. வைத்தியசாலைக்குப் போய்விட்டு வந்து வையுங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்குக் கடைசியாக ஒரு சொல். நீங்கள் எழுந்து கேட்டதற்கு நன்றி. சாராயமா கஞ்சாவா என்று கேட்டீர்கள். உங்களுக்கு இருப்பது களைப்பு. களைப்புக்குத் தூக்கமும் சாப்பாடும் நியாயமான சம்பளமும் ஆறுதலாகப் பேச ஒரு தோழரும்தான் மருந்து. இதில் சம்பளத்துக்காக நாம் உங்களோடு நின்று போராடுவோம். தோழர் வேண்டுமென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கரப்பந்து வலை கட்ட வாருங்கள். நாமும் அங்கே நிற்போம்.